விருந்தினராய்ச் சென்ற சலவைத் தொழிலாளி

மேடையில் ஏற்றி ஒருவருக்கு மாலை சூட்டுதல் எளிது. அவரையே தம் இல்லத்துக்கு அழைத்து, உடன் அமர்த்தி, ஒரே பந்தியில் உண்ணச் செய்தல் அத்துணை எளிதன்று. தனிக்குவளையையும் வாசலுக்கு வெளியே நின்ற நாட்களையும் அறிந்த நமக்கு இதனை எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆதலின், அடிமையாய்ப் பிறந்து, கடல் கடந்து, அயலார் இல்லங்களில் விருந்தினராய்த் தங்கி இறைப்பணியாற்றிய ஒரு பெருமாட்டியின் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

அமாண்டா ஸ்மித் அம்மையார் 1837ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். அவர்தம் தந்தையார் சாமுவேல் பெர்ரி பகலில் எசமானருக்கு உழைத்து, இரவில் துடைப்பமும் பாயும் செய்து விற்று, அப்பொருளைக் கொண்டு தம்மையும் பின்னர் மனைவி மக்களையும் அடிமைத்தளையினின்று மீட்டார். பென்சில்வேனியாவில் குடியேறிய பின், அவ்வேழை வீடு தப்பியோடி வரும் அடிமைகளுக்குப் புகலிடமாயிற்று. விருந்தோம்பலை அம்மையார் முதன்முதல் கண்டது அக்கூரையின் கீழேயாகும்.

கல்வியோ அவருக்கு எட்டாக் கனியாயிருந்தது. பல கல் தொலைவு நடந்து பள்ளி சென்றாலும், வெள்ளையர் பிள்ளைகளுக்குப் பாடம் முடிந்து நேரம் எஞ்சினால்தான் அவர்க்குப் பாடம். அவர் பெற்ற பள்ளிப்படிப்பு மொத்தம் ஏறத்தாழ மூன்று மாதங்களே. வீட்டு வேலையும் சலவைத் தொழிலும் அவர்தம் பிழைப்பாயின. ஐந்து மக்களைப் பெற்று, ஒரு மகளை மட்டுமே வளர்த்தெடுக்க முடிந்தது. கணவரையும் இழந்த பின்னர் நற்செய்திப் பணியில் முழுமையாக ஈடுபட்டார்.

1878இல் சில மாத ஓய்வுக்கென இங்கிலாந்து சென்றார். அப்பயணம் பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. அந்நாட்டுச் செல்வர் இல்லங்கள் அவரை வரவேற்றன. முன்னாள் தலைமையமைச்சர் பாமர்ஸ்டன் பிரபு வாழ்ந்த பிராட்லண்ட்ஸ் மாளிகையில் கூடிய சமயக் கூட்டத்திலும் அவர் பங்கேற்றார். பிறர் வீட்டு அழுக்குத் துணியை வெளுத்த கைகளை உயர்குடியினர் பற்றி வரவேற்றனர். தாயகத்திலோ, அவர் பிரசங்கத்தைக் கண்ணீர் மல்கக் கேட்ட வெள்ளையருள்ளும் உடன் அமர்ந்து உண்ணத் தயங்கியோர் பலர். கறுப்பராய் நடந்து பார்த்தால்தான் தம் நிலை பிறருக்குப் புரியும் என்னும் கருத்தை அம்மையார் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

1879இன் இறுதியில் அவர் இந்தியாவுக்கு வந்தார். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 1873இல், சோதிராவ் புலே தம் 'குலாம்கிரி' நூலை அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்டோர்க்குக் காணிக்கையாக்கியிருந்தார். கல்கத்தாவில் அம்மையாரின் பணிக்குத் துணைநின்ற ஜேம்ஸ் தோபர்ன் பின்னாளில் மெதடிஸ்ட் பேராயரானவர். மறையுரை ஆற்றுவோன் என்ற முறையில் தாம் வேறெவரிடமும் கற்றதைவிட அம்மையாரிடமே மிகுதியும் கற்றதாக அவர் எழுதினார். மூன்று மாதமே பள்ளி கண்டவர் பேராயருக்கு ஆசிரியரானார்!

1882இல் லைபீரியா சென்று, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மேற்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றினார். ஆங்கு அவரை ஏற்றோர் அவர்தம் இனத்தவரே. எனினும், அமெரிக்காவினின்று வந்து குடியேறிய கறுப்பினத்தார் மண்ணின் மக்களைத் தம்மினும் தாழ்ந்தோராய்க் கருதினர். நேற்றுவரை மிதிபட்டவர் இன்று தமக்குக் கீழே ஒருவரைத் தேடும் இந்நோயை நாமும் நம்மிடையே அறிவோம். அம்மையாரோ அம்மண்ணின் பிள்ளைகள் இருவரைத் தம் பிள்ளைகளாக ஏற்றார்.

தாயகம் திரும்பிய அவர் 1893இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். நூல் விற்ற பணத்தையும் சேமிப்பையும் கொண்டு, 1899இல் சிகாகோவுக்கு அருகில் ஹார்வி என்னும் ஊரில் கறுப்பினக் குழந்தைகளுக்கென ஆதரவற்றோர் இல்லம் நிறுவினார். 1915இல் மறைந்தார்.

பலர் வீட்டில் விருந்துண்டவர், இறுதியில் போக்கற்ற பிள்ளைகளுக்கு ஒரு வீட்டை அமைத்துத் தந்தார். அவ்வரலாறு நமக்கு உணர்த்தும் கடமை இதுவே. பிறர் கதவு நமக்குத் திறக்க வேண்டுமென நாம் போராடுவது நியாயம். அவ்வாறே நம் கதவும், நம்முள் உட்பிரிவு பாராது, கற்க வரும் எந்தப் பிள்ளைக்கும் திறந்திருத்தல் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த நம் சங்கம் இவ்வுறுதியோடு தன் பணியைத் தொடர்வதாக!