என் ஃபைல், ஆனா யாருக்கும் கொடுக்க முடியாது!

முதல் வேலையில சேர்ந்த புதுசு. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புற சாயங்காலம். ஷேர்டு சர்வர்ல இருந்த என் ஸ்கிரிப்டை டீம்ல புதுசா வந்த பையன் பேருக்கு மாத்திட்டுப் போயிடலாம்னு சிஹெச்-ஓன் அடிச்சேன். 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'. என் ஃபைல், நானே தர்றேன், தடுக்க நீ யாரு? கடுப்புல சிஹெச்-குரூப் அடிச்சு, டீம் குரூப்புக்கு மாத்திப் பார்த்தேன். சத்தமே இல்லாம மாறிடுச்சு. இந்த ஓரவஞ்சனை எங்கிருந்து வந்துச்சு?

1971, நியூ ஜெர்சி, பெல் லேப்ஸ். கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி எழுதிய யூனிக்ஸின் முதல் கையேடு அந்த நவம்பரில் வந்தது. அதில் சிஹெச்-ஓன் இருக்கு. ஆனா குரூப்னு ஒண்ணே கிடையாது. ஒரு ஃபைலுக்கு உலகத்துல ரெண்டே ஜாதி: ஓனர், மத்தவங்க. பக்கத்து பக்கத்து ரூம்ல வேலை பார்க்கிற கொஞ்சம் பேருக்கு அது போதும். அப்புறம்தான் நடுவுல குரூப் வந்து உட்கார்ந்தது. 1975-இன் ஆறாம் பதிப்பில் ஓனர் எண்ணுக்கு ஒரு பைட், குரூப் எண்ணுக்கு ஒரு பைட். 256-க்கு மேல இடமில்லை!

1979-இல் ஏழாம் பதிப்பு. இதில் ஓனரை மாத்தணும்னாலும் குரூப்பை மாத்தணும்னாலும் ரூட்தான் செய்யணும். காரணம், ஃபைலை இஷ்டத்துக்கு அடுத்தவர் பேருக்குத் தள்ளிவிட்டா, யார் எவ்வளவு டிஸ்க் பிடிச்சிருக்காங்கன்னு கணக்குப் போட முடியாது. இதில் தமாஷ், அப்படி ஒரு கணக்கு முறையே இன்னும் இல்லைன்னு அதே கையேடு ஒப்புக்கொள்கிறது. கட்டாத வீட்டுக்குப் பூட்டு!

ஆனா யோசிச்சா நியாயம்தான். உங்களைக் கேட்காம உங்க பேருக்கு ஒருத்தர் பட்டா மாத்திட்டா, வரி கட்டச் சொல்லி உங்க வீட்டுக்குத்தானே வருவாங்க? இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓனரோட அதிகாரத்துல ஓடுற செட்-யுஐடி ப்ரோக்ராம் ஒண்ணை எழுதி, அதை ரூட் பேருக்கு மாத்திட்டா என்ன ஆகும்? கதை முடிஞ்சது. ஏடி அண்ட் டி-யின் சிஸ்டம் ஃபைவ், ஓனரே ஃபைலைக் கொடுக்கலாம்னு விட்டது. பெர்க்லியின் பிஎஸ்டி விடலை. லினக்ஸ் பெர்க்லி பக்கம் நின்னது. என்னைத் தடுத்தது அதுதான்.

அப்போ குரூப்பை மட்டும் ஏன் விட்டாங்க? ஏழாம் பதிப்பில் ஒருத்தர் ஒரு நேரத்துல ஒரே குரூப்லதான் இருக்க முடியும். வேற வேலைன்னா நியூ-குரூப் அடிச்சு மாறணும். 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி, ஒரே நேரத்துல பல குரூப்ல இருக்கலாம்னு மாத்துச்சு. எனக்கு இதுதான் இந்தக் கதையிலேயே பெரிய திருப்பம். நான் ஏற்கெனவே இருக்கிற குரூப்புகளுக்குள்ள என் ஃபைலை மாத்தினா யாருக்கு நஷ்டம்? ஓனர் நான்தான், டிஸ்க் கணக்கும் என் பேர்லதான். பட்டா மாறலை, சாவி மட்டும் கை மாறுது. அதனால அந்த உரிமை பிஎஸ்டி வழியில் ஓனர் கைக்கே வந்துச்சு.

அன்னைக்கு என் பிரச்சினை அதோட தீரலை. அட்மின் அந்தப் பையனை அப்பதான் எங்க குரூப்ல சேர்த்திருந்தார். எழுதுற உரிமையும் கொடுத்தாச்சு. அப்படியும் 'பெர்மிஷன் டினைட்'. அரை மணி நேரம் மண்டையை உடைச்சோம், எனக்கு பஸ் வேற போயிடும்போல. குரூப் பட்டியல் லாகின் பண்ற நேரத்துலதான் ப்ராசஸுக்கு ஒட்டும். நடுவுல சேர்த்தா, ஏற்கெனவே ஓடுற ஷெல்லுக்குத் தெரியாது. பக்கத்து சீட் அக்கா திரும்பிக்கூடப் பார்க்காம சொன்னாங்க: "தம்பி, லாக்-அவுட் பண்ணிட்டு மறுபடி உள்ள வாப்பா."