முனிவர் தந்த ஆறா?

தூத்துக்குடியில், வகுப்பறை ஒன்றில், நாம் கேட்டோம்: “இவ்வூர் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது?” “வல்லநாட்டிலிருந்து” என்றான் ஒருவன். “பொதிகையில் அகத்திய முனிவர் கொடுத்தது” என்றாள் ஒரு சிறுமி. பாட்டி சொன்ன கதையாம். அவன் குழாய் தொடங்கும் இடத்தைச் சொன்னான். அவள் புராணம் தொடங்கும் இடத்தைச் சொன்னாள். காடு என்று சொல்ல ஒருவரும் இல்லை. குற்றம் குழந்தைகளுடையதன்று, கற்பித்த நம்முடையது.

உண்மை என்ன, தோழர்களே? பொதிகை மலையில் தென்மேற்குப் பருவமழையும் பொழிகிறது. வடகிழக்குப் பருவமழையும் பொழிகிறது. அந்நீரை அடர்ந்த காட்டின் மண் உறிஞ்சி, வேர்களுக்கிடையே தேக்கி, சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகிறது. அதனாலேயே மழையில்லாத் திங்களிலும் தாமிரபரணி ஓடுகிறது. காடு அழிந்தால் மழைநாளில் வெள்ளம், கோடையில் வறட்சி. இதிலே வரமும் இல்லை, சாபமும் இல்லை.

இவ்வாறே நம் கடற்கரையின் வரலாற்றையும் ஆக்கிற்று. பாண்டியரின் முத்துத் துறைமுகமாம் கொற்கை, அன்று ஆறு கடலொடு கலக்குமிடத்தில் இருந்தது. ஆறு கொணர்ந்த வண்டல் படிந்தது; கடல் விலகிற்று; இன்று கொற்கை சில கல் தொலைவு உள்ளே கிடக்கிறது. அடுத்து எழுந்தது காயல். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கண்டெழுதிய பட்டினம். அதுவும் தூர்ந்தது. இவ்வரலாற்றைத் தம் திருநெல்வேலி வரலாற்று நூலில், 1881இல், கால்டுவெல் எடுத்துரைத்தார். பின்னர்ப் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் தலையெடுத்தன. 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பும் நின்றுபோயிற்று. முத்தின்றி இவ்வூர் வாழ்கிறது. நீரின்றி வாழுமா?

அந்த நீரைத் தரும் மலை யார் கையில் இருந்தது? 1929இல் சிங்கம்பட்டி ஜமீன், எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் மலைக்காட்டை, பம்பாய் பர்மா வணிக நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஆற்றை நம்பிய உழவனைக் கேட்டார்களா? மலையிலே வாழும் காணி மக்களைக் கேட்டார்களா? காடு வீழ்ந்தது, மாஞ்சோலையில் தேயிலை எழுந்தது. ஜமீன் ஒழிந்த பின்னும் குத்தகை ஒழியவில்லை.

அட்டை கடிக்க, குளிர் நடுக்க, அத்தேயிலையைப் பறித்தவர் யார்? பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள். 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வுக்காகவும் சிறையிலிருந்த தோழர்களின் விடுதலைக்காகவும் நெல்லையில் ஊர்வலம் வந்தனர். காவலரின் தடியடிக்குத் தப்ப ஆற்றில் இறங்கியோருள் 17 பேர் மாண்டனர். அவர்கள் வாழ்ந்த மலையிலிருந்து இறங்கிய அதே ஆறு!

முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் விலங்குகளின் புகலிடங்களாயின. 1988இல் இரண்டும் இணைந்து, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயிற்று. குத்தகை 2028இல் முடிகிறது. தோட்டம் மீண்டும் காடாகட்டும், வரவேற்கிறோம். ஆனால் 2024இல் நிறுவனம் தொழிலாளரை விருப்ப ஓய்வு தந்து அனுப்ப முனைந்தபோது, தலைமுறை தலைமுறையாய் உழைத்தவர்கள், “எங்கே போவோம்?” என்று கேட்டனரே! காடழித்து வாழ்ந்தவன் கணக்கை முடித்துக்கொண்டு போக, கூலிக்கு உழைத்தவன் தெருவில் நிற்பதா? காட்டைக் காப்பதற்கு ஏழையின் குடிசையா விலை? நிலமும் வீடும் தொழிலும் தந்து குடியமர்த்துவது சலுகையன்று, கடன்.

இனி நம் பங்கு. பாபநாசத்தில் பாவம் தொலைப்பதாகச் சொல்லி, உடுத்த துணியை ஆற்றிலே விட்டுச் செல்கிறார்கள். பாவம் தொலைந்ததோ இல்லையோ, துணி தொலையவில்லை. படித்துறையிலும் பாறை இடுக்கிலும் கிடந்து அழுகுகிறது. 2018இல் புஷ்கரம் என்று கூடிய கூட்டத்தினர் ஆற்றை வணங்கினர். அதன் காட்டை நினைத்தவர் எத்தனை பேர்?

ஆற்றைத் தெய்வம் என்போர் அதில் அழுக்கை விடுகின்றனர். சொத்து என்போர் அதன் காட்டை விற்கின்றனர். நாமோ அதைப் பொதுவுடைமை என்கிறோம். பொதுவுடைமை என்றால் பொதுக்காவலும் வேண்டும். இளைஞர்களே, இனி எந்தச் சிறுமியாவது ஆறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால், மலையைக் காட்டுங்கள், காட்டைக் காட்டுங்கள், அங்கே உழைத்தவரையும் மறவாமல் காட்டுங்கள்.