தொப்புள்கொடி அறுத்த கை

பாட்டி காலத்துப் பிரசவம் என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். எந்தப் பாட்டி என்று யாரும் கேட்பதில்லை. கர்ப்பகாலப் பராமரிப்பு, இயற்கை முறைப் பேறு, பிரசவ லேகியம், நாற்பது நாள் பத்தியம் என்று புத்தகம் போடுகிறார்கள், வகுப்பு எடுக்கிறார்கள், டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். அதிலெல்லாம் கஷாயம் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது. வெந்நீர் ஊற்றிய கை மட்டும் இல்லை. அந்தக் கை யாருடையது, அதற்கு என்ன கூலி கிடைத்தது, வேலை முடிந்ததும் எந்த வாசல் வழியாக அதை வெளியே அனுப்பினார்கள் என்பதைத்தான் எழுத வந்தேன்.

சுசுருத சம்ஹிதையில் சாரீரஸ்தானத்தின் பத்தாம் அத்தியாயம் பிள்ளைப்பேறு பற்றியது. பேறுகால வீட்டை எந்த மண்ணில் அமைக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. பிராமணப் பெண்ணுக்கு வெள்ளை மண், சத்திரியப் பெண்ணுக்குச் செம்மண், வைசியப் பெண்ணுக்கு மஞ்சள் மண், சூத்திரப் பெண்ணுக்குக் கரிய மண். கட்டில் செய்யும் மரமும் வருணத்துக்கு ஒன்று. நாலு வருணத்தோடு மண்ணின் நிறம் தீர்ந்துபோகிறது. ஐந்தாவதாக ஒருத்திக்கும் இடுப்பு வலி வரும் என்பது நூலுக்குத் தெரியவில்லை. அதே அத்தியாயத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. வயது முதிர்ந்த, கைதேர்ந்த, நகம் வெட்டிய நான்கு பெண்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நகம் வெட்டிய என்கிற அந்த ஒரு சொல்லுக்காக நூலுக்கு நான் மரியாதை கொடுப்பேன். பேறு பார்த்த பெண்களிடம் கேட்காமல் இதை யாரும் எழுதியிருக்க முடியாது. கேட்டவனின் பெயரில் நூல் நிற்கிறது. சொன்னவள் பெயர் இல்லை.

தமிழில் மருத்துவச்சி என்றாலே பிள்ளைப்பேறு பார்ப்பவள் என்று பொருள் வந்துவிட்டது. ஊர்த்தெருவில் அது நாவிதர் குடும்பத்துப் பெண்களின் வேலை. 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளைப் பட்டியல் போட்ட எட்கர் தர்ஸ்டனும் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண் சிரைப்பான், பெண் மருத்துவம் பார்ப்பாள். தீட்டுத் துணியை வண்ணாத்தி எடுத்துப் போவாள். ரத்தத்தைத் தொடுகிறவர்களை வரிசையாகக் கீழே அடுக்கிவைத்த ஏற்பாடு இது. ஆனால் ஊருக்கு மருத்துவம் பார்க்கிறவள் சேரிக்கு வரமாட்டாள். வந்தால் ஊரில் அவள் பிழைப்பு போய்விடும். ஆகவே சேரி தனக்கான மருத்துவச்சியைத் தானே உண்டாக்கிக்கொண்டது. பாமாவின் ‘சங்கதி’ (1994) அப்படிப்பட்ட ஒரு கிழவியோடுதான் தொடங்குகிறது. ராசியான கை என்று பெயரெடுத்தவள், ஆனால் பறச்சி என்பதால் மேல்சாதிக்காரர்கள் மட்டும் கூப்பிடுவதில்லை.

இங்கே நமக்குள்ளும் ஒன்றைப் பேசியாக வேண்டும். பல கிராமங்களில் சேரிக்குப் பேறு பார்த்தவள் புதிரை வண்ணார் பெண். அதே 1994இல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் வருகிற ஆரோக்கியம் சேரிக்குத் துணி வெளுப்பவள், பிள்ளைப்பேறும் பார்ப்பவள். ஊர் நம் தலையில் இறக்கிய தீட்டை நாம் இன்னொருத்தி தலையில் இறக்கினோம். அவளுக்கு ராச்சோறு போட்டோம். இதை எழுதினால் சில தோழர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. இருக்கட்டும்.

எங்கள் பக்கத்தில், தென்னாற்காட்டில், சேரியின் கிழவிகளேதான் மருத்துவம் பார்த்தார்கள். என் ஆயா அப்படி ஒருத்தி. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எத்தனை பிள்ளை வாங்கினாள் என்ற கணக்கும் கிடையாது. அவளுடைய வைத்தியத்தை நான் கூட இருந்து பார்த்ததும், அவள் வாயால் கேட்டதும் இவ்வளவு.

இடுப்பு நோகிறது என்று ஆள் வந்தால் முதலில் சீரகத்தண்ணி காய்ச்சிக் கொடுக்கச் சொல்வாள். சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும், பிள்ளை வலியாக இருந்தால் கூடும். பிள்ளை வலி என்று தெரிந்துவிட்டால் படுக்கவிடமாட்டாள். “நடக்க உடுடி அவள. படுத்தா புள்ள எப்படி எறங்கும்? குந்தவெச்சாதான் பூமி இழுக்கும்” என்பாள். விட்டத்தில் கயிறு கட்டி அதைப் பிடித்துக் குந்தவைப்பார்கள். பின்னால் ஒருத்தி முட்டுக்கொடுத்து உட்காருவாள். விளக்கெண்ணெய் தடவி அடிவயிற்றைத் தொட்டே பிள்ளை தலை எங்கே, கால் எங்கே என்று சொல்வாள். பிள்ளை விழுந்ததும் கொடியை அறுக்க அவசரப்படமாட்டாள். கொடியில் துடிப்பு நிற்க வேண்டும், நஞ்சு விழ வேண்டும், அப்புறம்தான்.

உலக சுகாதார நிறுவனம் 1996இல் இயல்பான பிரசவம் பற்றி வெளியிட்ட வழிகாட்டியில், வலி நேரத்தில் பெண்ணை வழக்கமாக மல்லாக்கப் படுக்க வைப்பதைக் கைவிட வேண்டிய பழக்கங்களில் சேர்த்தது. கொடியை ஒரு நிமிடத்துக்கு முன்னால் கட்டக்கூடாது என்று 2014இல் சொன்னது. கொடியில் ஓடும் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் பிறகு ரத்தசோகை குறையும் என்பது அதற்கான காரணம். ஆயாவுக்கு இந்தக் காரணம் தெரியாது. துடிக்கிற கொடியில் உயிர் இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

பேறு முடிந்தபின் உடம்பு தேற்றுவது தனி வேலை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பூண்டு இடித்துக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிளறிய காயம். இடுப்பில் வெந்நீர், வயிற்றில் இறுக்கிச் சுற்றிய பழஞ்சீலை. முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. ரத்தம் அதிகம் போனவளுக்கு மாட்டு ஈரலும் சுவரொட்டியும். இன்றைக்கு விற்கிற பிரசவப் பத்தியப் புத்தகங்களில் முன்னே சொன்னதெல்லாம் இருக்கும், மாட்டு ஈரல் இருக்காது. இரும்புச்சத்துக்குப் பேரீச்சம்பழம் தின்னச் சொல்வார்கள். எங்கள் தெருவில் பேரீச்சம்பழத்தை யார் கண்டது?

கூலி, ஆண் பிள்ளை என்றால் ஒரு மரக்கால் நெல், பெண் பிள்ளை என்றால் அரை மரக்கால். சில ராத்திரிகளில் ஊர்த்தெருவிலிருந்தும் ஆள் வரும். அவர்களுடைய மருத்துவச்சி கைவிட்ட பிறகு, பிள்ளை குறுக்கே கிடக்கிற நேரத்தில். கொல்லைப்புறமாகக் கூட்டிப்போய்க் கொல்லைப்புறமாக அனுப்பிவிடுவார்கள். அவள் குந்தியிருந்த இடத்தில் சாணி தெளிப்பதை வெளியே வரும்போதே பார்ப்பாளாம். பெற்றவளுக்கும் தீட்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்குப் பதினோராம் நாள் ஐயர் வந்து புண்ணியாகவாசனம் செய்து தீட்டைக் கழித்துவிடுவார். மருத்துவச்சியின் தீட்டு எத்தனையாவது நாளில் கழியும்?

ஆயாவை நான் தெய்வமாக்கப் போவதில்லை. கொடியைப் பன்னருவாளால் அறுத்து அறுத்த இடத்தில் சாம்பல் வைத்த காலமும் உண்டு. ஏழாம் நாள், எட்டாம் நாள் வாய் திறக்காமல் விறைத்துச் செத்த பிள்ளைகள் எங்கள் தெருவில் உண்டு. பேய் அறைந்தது என்றார்கள். அது ரண ஜன்னி. தடுப்பூசியும் சுத்தமான பிளேடும் வந்தபிறகுதான் அந்தப் பேய் ஓடியது. பச்சைக்குழந்தைகளை அந்த நோய் பெரிய அளவில் கொல்லும் நிலையை இந்தியா தாண்டிவிட்டது என்று 2015இல்தான் உறுதி செய்தார்கள். சீம்பாலைப் பீய்ச்சித் தரையில் விடும் வழக்கமும் ஊரில் இருந்தது, சேரியிலும் இருந்தது. பழசெல்லாம் நல்லது என்கிறவர்களுக்கு எங்கள் சுடுகாட்டின் சின்னக் குழிகள் தெரியாது.

ஆனால் அழுக்குக் கை என்ற பழி மட்டும் மருத்துவச்சி தலையில் எப்படி வந்து விழுந்தது? சென்னை எழும்பூரில் 1844இல் பிரசவ ஆஸ்பத்திரி வந்தது. பொது வார்டுக்கும் ஆண் மருத்துவரிடமும் வராத பெண்களுக்காக மேரி ஷார்லீப் 1885இல் இன்னொன்றைத் தொடங்கினார். அதன் பெயரே சாதி, கோஷா பெண்களுக்கான விக்டோரியா ஆஸ்பத்திரி. இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான். பெயர்ப்பலகையில் சாதியை எழுதிவைத்தே நவீன மகப்பேறு மருத்துவம் நம் ஊரில் கதவைத் திறந்தது. வடக்கே தாயிகளுக்குப் பயிற்சி தர 1903இல் கர்சன் பிரபுவின் மனைவி ஒரு நிதி அமைத்தார். 1927இல் காதரின் மேயோ ‘மதர் இந்தியா’வில் தாயியை அழுக்கின் உருவமாகவே எழுதினார், அவள் தீண்டப்படாதவள் என்பதையும் சேர்த்து. சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்று காந்தி பதில் சொன்னார். ஏகாதிபத்தியத்துக்கும் தேசத்துக்கும் பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் தாயியிடம் ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

கையின் அழுக்கு பற்றி ஐரோப்பாவிலும் ஒரு கதை உண்டு. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகள். 1846இல் மருத்துவர் பிரிவில் நூற்றுக்கு 11.4 தாய்மார்கள் செத்தார்கள், மருத்துவச்சிகள் பிரிவில் 2.8. பிணம் அறுத்த கையைக் கழுவாமல் மருத்துவர்கள் பிரசவம் பார்ப்பதே காரணம் என்று செம்மல்வைஸ் 1847இல் கண்டு சொன்னார். கனவான் கையில் அழுக்கு இருக்காது என்று அவருடைய சகாக்கள் நம்ப மறுத்தார்கள். எந்தக் கை சுத்தம், எந்தக் கை அசுத்தம் என்பதைக் கிருமி தீர்மானிப்பதற்கு முன்னால் அந்தஸ்து தீர்மானித்தது. இங்கே சாதி தீர்மானித்தது.

நாற்பது நாள் ஓய்வுக்கு வருகிறேன். இயற்கைப் பராமரிப்பு பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் பெரிய மருந்து அதுதான், சரியான மருந்தும்கூட. ஆனால் பண்ணையில் நடவுக்குப் போகிறவளுக்கு அந்த நாற்பது நாள் எங்கேயிருந்து வரும்? பத்தாம் நாள் சேற்றில் இறங்கியவர்கள் எங்கள் அம்மாக்கள். வரப்பில் புளியமரத்துத் தூளியில் பிள்ளை கத்தும், மார்பில் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனையும், மேஸ்திரி கூப்பிட்டால்தான் கரையேறலாம். கருப்பை இறங்கிப்போய் அதைத் துணியால் தாங்கிக் கட்டிக்கொண்டு களை எடுத்த கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆயாவின் காயம் அதற்கு என்ன செய்யும்?

இந்த ஓய்வு சட்டத்தின் விஷயம் என்பதை அம்பேத்கர் பார்த்தார். 1928 ஜூலை 28 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியபோது, பேறுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது, அதன் செலவில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும், உழைப்பால் லாபம் அடையும் முதலாளியும் பங்கு தர வேண்டும் என்று வாதிட்டார். 1929இல் பம்பாயில் சட்டம் வந்தது, 1934இல் சென்னை மாகாணத்தில் வந்தது. இரண்டும் ஆலைப் பெண்களுக்கு. வயலில் நின்ற நம் பெண்களுக்கு மாநில அரசின் முத்துலட்சுமி ரெட்டி உதவித் திட்டம் வர 1987 ஆயிற்று. இழந்த கூலிக்கு ஈடு என்று சொல்லும்படியான தொகை, 6,000 ரூபாய், 2006இல்தான் வந்தது. அதுவும் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும்.

வடநாட்டில் தொப்புள்கொடி அறுப்பது சமார் பெண்களின் கட்டாய வேலை. நாரா என்றால் கொடி, மவேஷி என்றால் மாடு. இனிமேல் கொடி அறுக்கமாட்டோம், செத்த மாடு தூக்கமாட்டோம் என்று உத்தரப்பிரதேசத்தில் 1950களில் எழுந்த எதிர்ப்பு கிராமம் கிராமமாக 1980 வரைக்கும் நடந்தது. வரலாற்றாளர் பத்ரி நாராயண் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மறுத்தவர்களை ஆதிக்கச் சாதியினர் அடித்தார்கள், விலக்கிவைத்தார்கள். மாடு தூக்க மறுத்தது நமக்குத் தெரியும், தமிழகத்திலும் நடந்தது. கொடி அறுக்க மறுத்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஒரு பெண் தனக்குத் தெரிந்த அரிய வித்தையைத் தானே கைவிட வேண்டியிருந்தது. செத்த மாட்டைத் தூக்குவதும், ஓர் உயிரை உலகத்துக்குக் கொண்டுவருவதும் ஒரே தீட்டாக எண்ணப்பட்ட இடத்தில், கைவிடுவதுதான் மானம். மரபு அறிவு அழிகிறதே என்று வருந்துகிறவர்கள் அந்த மறுப்பைப் படிக்க வேண்டும்.

இன்றைய கணக்கு வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. லட்சம் பேறுக்குத் தாய் இறப்பு 2018-20 கணக்கில் 54. இந்தச் சாதனையில் கிராம சுகாதாரச் செவிலியர்களின் கால்நடை இருக்கிறது. அவர்களில் நம் பெண்களும் உண்டு. அதே ஆய்வில் 44.9 சதவீதப் பிள்ளைகள் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவர்கள் என்றும் இருக்கிறது. இதற்கு மாற்று வேண்டும் என்கிற நடுத்தர வர்க்கத்தின் கோபம் நியாயமானது. ஆனால் 2018இல் திருப்பூரில், இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டு வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் இறந்துபோனார். மருத்துவச்சியின் அறிவு கையில் இருந்தது, ஆயிரம் வயிற்றைத் தொட்டு வந்தது. படத்தைப் பார்த்தால் அது வராது. தன்னால் முடியாது என்று தெரிந்ததும் மாட்டுவண்டி பூட்டச் சொல்வதும் அந்த அறிவில் ஒரு பகுதி.

சில மாதங்களுக்கு முன் உறவுக்காரப் பெண்ணுக்காக ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வாசலில் இரண்டு இரவு இருந்தேன். நஞ்சுக்கொடியை மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போனதும், ரத்தம் கழுவியதும், வெளியே நின்ற ஆண்களிடம் “ரத்தம் குடுக்க ஆள் இருந்தா கூட்டியாங்க சார்” என்று பதறாமல் சொன்னதும் ஒப்பந்தத் துப்புரவு வேலைக்கு வந்த ஓர் அக்கா. எந்தத் தெரு என்று கேட்டேன், காலனி என்றார். பதினெட்டு வருஷ வேலை. உள்ளே கத்துகிற சத்தத்தை வைத்தே இது இன்னும் நேரமாகும், இது இப்போ வந்துடும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு இரவும் அவர் சொன்னது தப்பவில்லை. நர்ஸிடம் சொல்வீர்களா என்று கேட்டேன். “மொதல்ல சொன்னேன். ஒன் வேலையப் பாருன்னாங்க” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.