கட்டில் யாருக்கு? மதராஸ் காசநோய் ஆய்வின் கதை

காசநோய் என்றால் எங்கட ஊர்களில் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். நோய் வந்தவரின் கோப்பையைத் தனியே வைப்பார்கள், பிள்ளைகளைக் கிட்டப் போக விடமாட்டார்கள், கலியாணப் பேச்சு நடக்கிற வீடு என்றால் விசயத்தையே மறைத்துவிடுவார்கள். ஆளை வீட்டிலிருந்து அகற்றினால்தான் வீடு தப்பும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது. இது வெறும் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போக எங்களால் முடியவில்லை. ஏனென்றால் ஏறத்தாழ நூறு வருடங்களாக மருத்துவமே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதை மாற்றிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று லண்டனிலோ நியூயோர்க்கிலோ நடக்கவில்லை. 1956இல், அன்றைய மதராஸின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் நடந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறோம்.

முதலில் சானடோரியம் என்ற ஏற்பாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். 1850களில் ஜேர்மன் மருத்துவர் ஹெர்மன் பிரெஹ்மர் மலைப்பகுதியொன்றில் தொடங்கிய சிகிச்சை முறை அது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு, மருத்துவரின் கண்காணிப்பு. ரொபர்ட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தது 1882இல். நோய் தொற்றக்கூடியது என்று தெரிந்த பிறகு சானடோரியத்துக்கு இரண்டாவது வேலையும் வந்தது: நோயாளியை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பது. ஐரோப்பாவில் தொடங்கிய இந்த ஏற்பாடு காலனி நாடுகளுக்கும் வந்தது. மதராஸுக்குப் பக்கத்தில் தாம்பரம் சானடோரியம் 1928இல் திறக்கப்பட்டது. ரயில் நிலையம் ஒன்றே இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. யுத்தத்தில் நொடிந்துபோன பிரித்தானியாவிடம் அந்த மருந்தைப் போதிய அளவு வாங்க டொலர் இல்லை. எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லாத அந்த நிலைமைதான் ஒரு புதிய ஆய்வு முறைக்கு வழிவிட்டது. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 107 நோயாளிகளை எடுத்தது. 55 பேருக்கு ஊசி மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. புள்ளியியலாளர் பிரட்ஃபோர்ட் ஹில் தயாரித்த மூடிய கடித உறைகள் தீர்மானித்தன. ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948இல் இந்த முடிவு வெளியானது.

ஆனால் சந்தோசம் நீடிக்கவில்லை. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியே கொடுத்தபோது கிருமி அதற்குப் பழகிக்கொண்டது. முதலில் தேறிய பலர் பிறகு மீண்டும் விழுந்தார்கள். ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமியை இன்னொரு மருந்து பிடிக்கவேண்டும், ஆகவே இரண்டு மருந்துகளையாவது சேர்த்தே கொடுக்கவேண்டும் என்ற பாடம் அப்போதுதான் வந்தது. பாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மருந்து துணைக்கு வந்தது. 1952இல் ஐசோனியாசிட் வந்தது. மலிவானது, வாயால் விழுங்கக்கூடிய குளிசை. ஊசி போட ஆள் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் கேள்வி எழுந்தது. மருந்து குளிசையாக வந்துவிட்டதென்றால் கட்டில் என்னத்துக்கு?

பணக்கார நாடுகளுக்கு இது அவ்வளவு அவசரமான கேள்வி இல்லை. அவர்களிடம் கட்டில்கள் இருந்தன. இந்தியாவிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், கட்டில்கள் அதில் ஒரு சிறு பங்குக்கும் போதாது. எல்லோரையும் சானடோரியத்தில் சேர்த்துத்தான் குணப்படுத்தலாம் என்றால், பெரும்பாலானோருக்குச் சிகிச்சையே இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்கலாமா? ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கிற வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு, ஓய்வென்றால் என்னவென்று தெரியாத வேலை. அங்கே குளிசை வேலை செய்யுமா? இருமுகிற தகப்பனுக்குப் பக்கத்தில் படுக்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும்?

இதற்குப் பதில் தேடத்தான் 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய நிலையம் அது. பிரித்தானிய மருத்துவர் வொலஸ் ஃபொக்ஸ் முதலில் பொறுப்பாக இருந்தார். தேவதத்தா, ராமகிருஷ்ணன், ராதாகிருஷ்ணா, வேலு போன்ற இந்திய ஆய்வாளர்களின் பெயர்களை அந்த நிலையத்தின் கட்டுரைகளில் திரும்பத் திரும்பக் காணலாம்.

சளியில் கிருமி இருந்த 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டமாதிரி, யாருடைய விருப்பும் குறுக்கிடாமல், பாதிப்பேர் சானடோரியத்துக்கும் பாதிப்பேர் வீட்டுக்கும் பிரிக்கப்பட்டார்கள். இரண்டு பகுதிக்கும் ஒரே மருந்துதான்: ஐசோனியாசிட்டும் பாஸும், ஒரு வருடம். மற்றதெல்லாம் வேறு. சானடோரியத்தில் ஓய்வு, தாதிமாரின் பராமரிப்பு, ஒழுங்கான சாப்பாடு. வீட்டில் இருந்தவர்கள் கிழமைக்கொரு தடவை நிலையத்துக்கு வந்து மருந்தை வாங்கிக்கொண்டு போனார்கள். சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். மருந்தை உண்மையிலேயே விழுங்குகிறார்களா என்று அறியச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சிறுநீர் எடுத்துச் சோதித்தார்கள், குளிசைகளை எண்ணினார்கள்.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் முடிவு வெளியானது. ஒரு வருடத்தின் பின் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 வீதம், வீட்டில் 86 வீதம். இவ்வளவு வேறுபட்ட வாழ்நிலைகளுக்கு இது சின்ன இடைவெளி. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது இரண்டு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள்.

அதைவிடப் பெரிய செய்தி குடும்பத்தாரைப் பற்றியது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களோடு வாழ்ந்தவர்களுக்கு, சானடோரியம் போனவர்களின் வீட்டாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. அவர்களையும் ஐந்து வருடம் பின்தொடர்ந்துதான் இதைச் சொன்னார்கள். காரணம் எளிமையானது. தொற்றவேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்க முதலே, மருந்து தொடங்க முதலே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரவும் ஆபத்து வேகமாகக் குறைகிறது. அதாவது, எங்கள் ஊரில் நோயைத் தெரிந்துகொண்ட அன்றைக்குக் கோப்பையைப் பிரித்து வைக்கிறோமே, அந்தப் பயம் பிந்தி வருகிற பயம். உண்மையில் ஆபத்தான காலம், வெட்கத்தால் கிளினிக்குக்குப் போகாமல் இருமிக்கொண்டு திரிகிற காலம்தான். ஒதுக்கி வைத்தல் அந்தக் காலத்தைத்தான் நீட்டுகிறது.

இந்த ஆய்வின் பிறகு வீட்டிலிருந்தே சிகிச்சை என்பது உலகெங்கும் பரவியது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாக வேறு வேலைக்கு மாறின. இன்று இலங்கையில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், மாவட்ட மார்பு நோய் கிளினிக்கில் இலவசமாக மருந்து கிடைக்கிறது. அநேகமானோர் வீட்டில் இருந்துகொண்டே குணமாகிறார்கள். அந்த வசதிக்குப் பின்னால் மதராஸின் அந்த 193 பேரும் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் இல்லை.

ஆனால் இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடிக்க எங்களுக்கு மனமில்லை. அந்த ஆய்வு திறந்துவிட்ட இரண்டு விவாதங்கள் இன்னும் முடியவில்லை.

ஒன்று, கண்காணிப்பு. மாதக்கணக்கில் கிராம் கணக்கான பாஸை விழுங்குவது லேசான காரியம் இல்லை. வயிற்றைப் பிரட்டும். இருமல் நின்று உடம்பு தேறியதும் யாருக்குத்தான் தொடர மனம் வரும்? வீட்டுச் சிகிச்சையின் பலவீனம் கிருமியில் இல்லை, குளிசை ஒழுங்காக உள்ளே போகிறதா என்பதில்தான் என்று ஃபொக்ஸ் 1958இலேயே எழுதினார். அதனால் சென்னை நிலையம் கிழமைக்கு இரண்டு தடவை, பணியாளரின் முன்னிலையில் மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்தது. 1964இல் வெளியான முடிவு அந்த முறைக்குச் சாதகமாக இருந்தது. கண்ணுக்கு முன்னால் மருந்தை விழுங்க வைப்பதென்ற பிற்காலத் திட்டங்களின் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. 1990களில் டொட்ஸ் என்ற பெயரில் உலக சுகாதார நிறுவனம் இதை எங்கும் கொண்டுபோனது.

இதனால் உயிர்கள் தப்பின, அதில் சந்தேகமில்லை. ஆனால் கூடவே ஒரு பழக்கமும் வந்தது. மருந்தை விட்டவர் "ஒத்துழைக்காதவர்" ஆனார். நாட்கூலிக்குப் போகிறவர் கிழமையில் இரண்டு நாள் கிளினிக்குக்கு வந்தால் அந்த இரண்டு நாள் உலை எப்படி வைப்பது என்ற கேள்வி நோயாளர் அட்டையில் எழுதப்படுவதில்லை. வராத நாள்தான் எழுதப்படுகிறது. ஆறு மாதச் சிகிச்சை வந்தபிறகு பாரம் குறைந்திருக்கிறது. ஆனால் பஸ் காசும் இழந்த சம்பளமும் இன்னும் நோயாளியின் கணக்கில்தான் இருக்கின்றன.

மற்றது, சாப்பாடு. சென்னை ஆய்வாளர்கள் இரண்டு பகுதியினரும் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் அளந்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், அவர்களின் நிறையும் அதிகம் கூடியது. வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு மோசம். இருந்தும் கிருமியை ஒழிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1961இல் வெளியான இந்த முடிவு சொன்னது இவ்வளவுதான்: நல்ல சாப்பாடு இல்லை என்பதற்காக ஏழைக்கு மருந்தை மறுக்காதே, மருந்து வேலை செய்யும். ஏழையின் பக்கம் நின்ற முடிவு அது. ஆனால் காசநோய்த் திட்டங்களில் அது வேறுமாதிரி வேலை செய்தது. மருந்து முன்னுக்கு வர, சாப்பாட்டின் கதை நீண்டகாலம் பின்னுக்குப் போனது. "சாப்பாடு இல்லாமலும் குணமாகலாம்" என்பதற்கும் "சாப்பாடு தேவையில்லை" என்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. காசு ஒதுக்கும்போது அந்தத் தூரம் சுலபமாக மறைந்துவிடும்.

அறுபது வருடங்களுக்குப் பிறகு இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சென்னை நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. இந்த ஆய்விலும் அதற்குப் பங்குண்டு. 2800 நோயாளிகளும் அவர்களோடு வாழும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீட்டாரும் அதில் இருந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொதி கொடுக்கப்பட்டது. குடும்பத்தாரில் ஒரு பகுதிக்கு மட்டும் அவர்களுக்கென்றும் மாதாமாதம் பொதி கொடுத்தார்கள். 2023இல் முடிவு வந்தது. பொதி கிடைத்த வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 வீதம் குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை அது.

1961ஐ 2023 பொய்யாக்கிவிட்டதா? நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகள். நோய் வந்தவரின் கிருமியைக் கொல்ல மருந்து போதுமா என்று முதலாவது ஆய்வு கேட்டது. பக்கத்தில் இருப்பவருக்கு நோய் வராமல் தடுக்க என்ன வேண்டும் என்று இரண்டாவது கேட்டது. ஒரு ஆய்வு தான் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேட்காத கேள்விக்கும் அதே பதிலை நீட்டிக்கொள்வது ஆய்வின் பிழை இல்லை, அதை வாசிக்கிறவர்களின் வசதி.

மதராஸ் ஆய்வு நோயாளியை அவருடைய வீட்டோடு சேர்த்து வைத்தது. ஆளை அகற்றாமலே வீட்டைக் காப்பாற்றலாம் என்று காட்டியது. வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்கும் பொறுப்பும் கூடவே வருகிறது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சாப்பாட்டின் அளவைக் குறைத்துக்கொண்ட வீடுகள் எங்கள் தெருக்களிலும் இருக்கின்றன. அங்கே குளிசை இலவசமாகப் போய்ச் சேருகிறது. மற்றது இன்னும் போகவில்லை.