பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்



நம் சங்கக் கோப்பில் இருக்கும் மூலப்பத்திர நகல்களை ஆண்டு வாரியாக அடுக்கித் தரும் வேலை சமீபத்தில் என்னிடம் வந்தது. வங்கியில் முப்பது வருடங்களுக்கு மேல் லெட்ஜர் எழுதியவன் என்பதால் ஆசையோடுதான் உட்கார்ந்தேன். இன்றைய அடுக்குமாடி, அதற்கு முன் மனைப்பிரிவு, அதற்கு முன் ஏரிப் பாசன நஞ்சை. விற்றவர், வாங்கியவர், அவரவர் தகப்பனார் பெயர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அப்போது மாடிப்படி பெருக்க வரும் அம்மா எட்டிப் பார்த்து, "எங்க ஆயா இந்த எடத்துலதான் சார் நாத்து நட்டுச்சு" என்றார். பத்திரங்களை மறுபடியும் புரட்டினேன். அந்த ஆயாவின் பெயர் எதிலும் இல்லை.

லெட்ஜரில் கணக்கு வைத்திருப்பவர் பெயர்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் முதலில் காட்டை வெட்டி, ஏரிக்கரை கட்டி, குடியேறியவர்கள் யார்? அவர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் முன்னோரை எங்கே தேடுவது?

திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். குறும்பரோடு போருக்கு வந்த தொண்டைமானின் யானைக் கால் முல்லைக் கொடியில் சிக்கியது, வாளால் வெட்டியபோது லிங்கத்தில் ரத்தம் வந்தது என்பது தல புராணம். சன்னதிக்கு முன் நிற்கும் இரண்டு எருக்கந்தூண்களும் குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டு வரப்பட்டவை என்பார்கள். இதில் வரலாறு எவ்வளவு என்ற வாதம் இருக்கட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: 'முதல் குடி' என்று சொல்லப்படுபவர்களுக்கும் முன்னால் இங்கே ஆட்கள் இருந்தார்கள் என்று அந்தக் கதையே ஒப்புக்கொள்கிறது.

எழுத்தில் கிடைக்கும் பெரிய கணக்கு பதினெட்டாம் நூற்றாண்டில் வருகிறது. 1763-இல் ஆற்காடு நவாப் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். எத்தனை வீடுகள், யார் யார் என்ன தொழில், எத்தனை ஏரி, அறுவடையில் குயவருக்கும் வண்ணாருக்கும் வெட்டியானுக்கும் எவ்வளவு நெல் என்பதெல்லாம் அதில் உண்டு.

சில ஆண்டுகளிலேயே, 1780-இல், ஹைதர் அலியின் படையெடுப்பு வந்தது. ஊர்கள் காலியாயின, ஏரிகள் தூர்ந்தன. பிறகு ஊர் திரும்பியவர்களும் புதிதாக வந்தவர்களுமாக நிலத்தை மறுபடி உழுதார்கள். பரம்பரைப் பங்கு உள்ளவர் மிராசுதார். அப்படி உரிமை இல்லாமல் பயிர் செய்தவர் பாயகாரி. ஊரிலேயே தங்கியவர் உள்குடி, வெளியிலிருந்து வந்தவர் பரக்குடி. ஆகவே உங்கள் குடும்பத்தில் "நாங்கள் பிழைக்க வந்தவர்கள்" என்று யாராவது சொன்னால் அதைத் தள்ளிவிடாதீர்கள். இருநூறு வருடத்துக்கு முன் வந்ததாகவும் இருக்கலாம்.

இந்த இரண்டு வகையிலும் சேராதவர்கள் சேற்றில் இறங்கிய கூலியாட்களும் பண்ணையாட்களும். அவர்கள் தரிசு நிலம் கேட்டு தர்க்காஸ்து போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடிசை போட்ட இடம்கூடச் சொந்தமில்லை. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-இல் இதை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். 1892-இல் வந்த அரசாணையின் பேரில் ஒதுக்கப்பட்ட நிலத்தைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம்.

என்னை உலுக்கிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. சொந்த ஊரின் நிலக் கணக்கில் இடம் பெறாதவரின் பெயர், ஊரை விட்டுப் போனபோது முழு விவரத்தோடு பதிவாகியிருக்கிறது! 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளோடு புறப்பட்டு நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சேர்ந்தது. 1911 வரை இப்படி சுமார் 1,52,000 பேர் நம் நாட்டிலிருந்து நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள மச்சம், தழும்பு வரை எழுதி வைத்தார்கள். கூலியை அடையாளம் காண எழுதிய கணக்கு. இன்று பேரப்பிள்ளைகளுக்கு அதுவே வம்சாவளி. மொரிஷியஸ் போனவர்களின் பதிவேடுகள், பலருடைய புகைப்படங்களோடு, அங்கே மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. "கப்பலேறிப் போனவர் திரும்பவே இல்லை" என்ற பேச்சு உங்கள் வீட்டில் இருந்தால் அங்கேயும் தேடலாம்.

தேட விரும்புவோருக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்:

1. காகிதத்துக்கு முன் ஆளைப் பிடியுங்கள். வீட்டில் மூத்தவரிடம் குலதெய்வம் எந்த ஊர், முதல் மொட்டை எங்கே என்று கேளுங்கள். குடும்பம் ஊர் மாறினாலும் குலதெய்வம் சுலபத்தில் மாறாது.

2. கிராமம் தெரிந்தால் 'அ' பதிவேடு, புல வரைபடம், வில்லங்கச் சான்று, பழைய பத்திரம் என்று பின்னோக்கிப் போங்கள். பழைய ஜில்லா, தாலுகா பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் ஒரு காலத்தில் செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா.

3. அதற்கும் முந்தியவற்றுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

4. எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். முனுசாமி அங்கே 'மூன்சாமி', கவுண்டர் 'கோவெண்டர்', முதலி 'மூட்லி'. கையெழுத்து அட்டையில் ஒன்றும் பாஸ்புக்கில் ஒன்றுமாகப் பெயர் இருந்து, நான் கவுன்டரில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தொழிற்பேட்டையும் ராணுவத் தொழிற்சாலையும் வந்த பிறகு வேலைக்காகக் குடியேறியவர்கள் நாம். இன்னும் நூறு வருடம் கழித்து நம் பெயர் கிரையப் பத்திரத்திலும் சங்க ரசீதிலும் கிடைத்துவிடும். அந்த ஆயாவுக்கு அந்த வசதி இல்லை. அதனால் மறுநாள் நானே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் கேட்டேன். ஆயாவின் பெயர், எந்த ஊரில் பிறந்தார், யாருடைய கழனியில் வேலை, ஏரி எதுவரை இருந்தது என்று சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. முடிந்ததும், "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று சிரித்தார். ஆனால் அடுத்த நாள் தன் அண்ணனிடம் கேட்டு இன்னும் இரண்டு பெயர்களோடு வந்தார்.

உங்கள் பிளாக்கில் இஸ்திரி போடுபவர், பால் ஊற்றுபவர், காவலாளி ஆகியோரில் இந்த ஊர்க்காரர் யாராவது இருந்தால், பத்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நோட்டில் இடம் நிறைய இருக்கிறது.