அரியலூர்–பெரம்பலூர்ப் புதைபடிவப் புலமும் பல்கலைக்கழக ஆய்வும்

அரியலூர்–பெரம்பலூர்ப் புதைபடிவப் புலம் என்பது காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பில், இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபகுதியிலும் தரைமட்டத்திலேயே வெளிப்பட்டுக் கிடக்கும் கிரெட்டேசியஸ் காலப் பாறைப் பரப்பாகும். கிரெட்டேசியஸ் என்பது ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த புவியியல் காலம். அக்காலத்தின் பிற்பகுதியில் கடல் பலமுறை இங்கு ஏறி இறங்கியதால், சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகள், சிப்பிகள், பவளங்கள், மீன் பற்கள் முதலியவை அடுக்கடுக்காகப் படிந்து கல்லாயின. 1840கள் முதல் உலகின் பல நாட்டுப் பல்கலைக்கழகத்தாருக்கும் புவியியல் அளவைத்துறையினருக்கும் இப்புலம் ஆய்வுக்களமாகவும் பயிற்சிக்கூடமாகவும் இருந்து வந்துள்ளது. ஆயினும் இதனால் பெயர் பெற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் வெளியூராரும் வெளிநாட்டாருமே.

ஆய்வு தொடங்கியது பல்கலைக்கழகத்தில் அன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர்களிடத்தில். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய சி. டி. கே, புரூக் கன்லிஃப் ஆகியோர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய புதைபடிவங்களை லண்டன் புவியியல் கழகத்துக்கு அனுப்ப, அவற்றை லண்டன் கிங்ஸ் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் விவரித்தார். ஃபோர்ப்ஸ் இந்தியாவுக்கு வந்தவரல்லர். பொருள் இங்கிருந்து செல்வதும் அறிவு அங்கே உருவாவதுமான முறைக்கு அவருடைய அறிக்கை தொடக்கமாயிற்று. அம்முறை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது.

1851இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் இந்தியப் புவியியல் அளவைத்துறை உருவான பிறகே பாறைகள் முறையாக வரைபடத்தில் குறிக்கப்பட்டன. லண்டன் அரசுச் சுரங்கவியல் பள்ளியிலும் ஜெர்மனியின் ஃப்ரைபெர்கிலும் பயின்ற ஹென்றி பிளான்ஃபோர்ட் 1850களின் பிற்பகுதியில் இவ்வட்டாரத்தை அளந்து, 1862இல் வெளியான நூலில் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். ஒரு சிற்றூரின் பெயரும் ஒரு சிறுநகரின் பெயரும் இவ்வாறு உலகப் புவியியல் ஏடுகளில் ஏறின. பிளான்ஃபோர்ட் பின்னர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகி, 1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவருமானார்; மழையின் கணக்கைப் பின்னாளில் ஆராய்ந்தவருக்கு இளமையில் தொழில் கற்றுத் தந்தது திருச்சி மாவட்டத்துப் பாறை என்பது கவனிக்கத்தக்கது.

அளவைத்துறை திரட்டிய பல்லாயிரம் மாதிரிகளை இனம் பிரித்து விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்ஸ்கா. மொராவியாவில் 1838இல் பிறந்து, பிராகிலும் வியன்னாவிலும் கல்வி கற்று, புவியியலாளர் எடுவார்ட் சூஸ் போன்றோரிடம் பயிற்சி பெற்று, 1862இல் கல்கத்தா வந்த அவர், ‘தென்னிந்திய கிரெட்டேசியஸ் உயிரினங்கள்’ என்ற பெருநூலை 1873 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். இன்றும் இப்புலத்தில் இறங்கும் ஆய்வாளர் முதலில் புரட்ட வேண்டிய நூல் அதுவே. அந்நூல் முடிந்த அடுத்த ஆண்டு, மத்திய ஆசியாவின் யார்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் 36 வயதில் அவர் இறந்தார். பின்னர் எச். வார்த் என்பவர் இப்புலத்தில் திரட்டிய மாதிரிகள் வியன்னாவுக்குச் சென்றன. அவற்றைக் கொண்டு இளைஞரான ஃபிரான்ஸ் கோஸ்மாட் 1895க்கும் 1898க்கும் இடையே எழுதிய ஆய்வு அம்மோனைட்டுகளைப் பற்றிய அறிவைப் புதுப்பித்ததோடு, அவரையும் ஐரோப்பியப் புவியியலாளர் வரிசையில் நிறுத்தியது.

இந்தியப் பல்கலைக்கழகங்கள் இக்களத்தில் தாமாகக் கால் பதித்தது 20ஆம் நூற்றாண்டில்தான். மைசூர்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெங்களூர் மத்தியக் கல்லூரியின் எல். ராம ராவ், கிரெட்டேசியஸ் முடிவடையும் எல்லையில் அமைந்த நின்னியூர்ப் பாறைகளில் கல்லான பாசிகளைக் கண்டு, வியன்னாவின் யூலியுஸ் பியாவுடன் இணைந்து 1936இல் அவற்றை விவரித்தார். இந்தியப் பேராசிரியர் மாதிரியை மட்டும் அனுப்பாமல் நூலின் ஆசிரியருமான இக்கூட்டாய்வு, இப்புலத்தின் வரலாற்றில் ஸ்டோலிச்ஸ்காவின் பெருநூலுக்கு இணையான திருப்பம் எனலாம். 1940இல் இன்றைய பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை, அதாவது சிலிக்காவாக மாறிய மரத்தண்டை, அறிவியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் தஞ்சையில் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன்; சென்னையிலும் லண்டனிலும் பயின்ற அவர் 1951இல் அளவைத்துறையின் முதல் இந்திய இயக்குநரானார். அம்மரம் இன்று தேசியக் கல்மரப் பூங்காவாக வேலியிட்டுக் காக்கப்படுகிறது.

அதன் பின் பல்கலைக்கழகங்களின் வருகை பெருகியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது எண்ணெய்: காவிரிப் படுகையின் ஆழத்தில் துளையிட்டுப் பார்க்க வேண்டிய பாறைகளின் இணைகள் அரியலூரில் கையால் தொடும்படி வெளிப்பட்டிருப்பதால், எண்ணெய்த் தேடலில் ஈடுபடுவோருக்கு இது மலிவான பாடநூலாயிற்று; நுண்ணுயிர்ப் படிவங்களைக் கொண்டு பாறையின் வயதைக் கணிக்கும் திறனும் இங்கே பயின்றோரால் வளர்ந்தது. இரண்டாவது சிமென்ட்: கல்லங்குறிச்சிப் பகுதியின் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டும் சுரங்கங்கள், புதிதாக வெட்டப்பட்ட பாறைச் சுவர்களை ஆய்வாளர் கண்முன் நிறுத்தின. அதே சுரங்கங்கள் படிவங்களை அரைத்தும் விடுகின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1990களில் பிளிமத் பல்கலைக்கழகத்தின் மால்கம் ஹார்ட், வாட்கின்சன், திவாரி ஆகியோரும், 2001இல் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்டர்சனுடன் இணைந்து ஆர். சுந்தரம், கே. அய்யாசாமி முதலியோரும் பாறைப் பகுப்பைத் திருத்தியமைத்தனர். சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு ஆகிய ஊர்ப்பெயர்கள் அப்பகுப்புகளில் பாறை அலகுகளின் பெயர்களாகியுள்ளன. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எம். ராம்குமார் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூயெ ஆய்வாளர்களுடன் கடல்மட்ட மாற்றங்களைப் படித்தார்.

கல்லமேடு தனித்துப் பேசத்தக்கது. அங்கு டைனோசர் எலும்புகளை ஆராய்ந்து 1929இல் எழுதியவர் சி. ஏ. மேட்லி. அவர் பெயரை இணைத்து 1980களின் இறுதியில் யாதகிரியும் அய்யாசாமியும் ‘புருகத்காயோசாரஸ் மேட்லியி’ என்னும் பேருடல் டைனோசரை அறிவித்தனர். எலும்புகள் பின்னர் சிதைந்து போனமையால், அவை கல்மரமாக இருக்குமோ என்ற ஐயம் பலகாலம் நிலவியது. 2022இல் பழைய படங்கள் வெளியான பிறகே அவை எலும்புகள் என்பதற்கு வலுவான ஆதரவு கிடைத்தது. கிடைத்த மாதிரியைக் காக்கும் வசதி அருகில் இல்லாத ஒரு புலத்தில் அறிவு எவ்வாறு நழுவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2013இல் டில்லிப் பல்கலைக்கழகத்தின் ஜி. வி. ஆர். பிரசாத், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் அஞ்சலி கோஸ்வாமி உள்ளிட்ட குழு, இதே ஊரில் கிடைத்த ஒற்றைப் பல்லைக் கொண்டு, வடபுலக் கண்டங்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட ட்ரூடான்டிட் டைனோசர் வகை இந்தியாவிலும் இருந்ததாக அறிவித்தது. இதற்கு மாறாக, 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை என்று பரவிய செய்தி, உருண்டையான படிவக் கற்களைப் பார்த்துக் கிளம்பிய வதந்தியாக முடிந்தது.

உள்ளூர் உயர்கல்வி இவ்வரலாற்றில் பின்தங்கியே வந்தது. அரியலூரில் அரசு கலைக் கல்லூரி 1965இல் தொடங்கியது. இவ்வட்டாரக் கல்லூரிகளுக்கான பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982இல் திருச்சியில் அமைந்தது; அங்கே தொலையுணர்வு தனித்துறையாகக் கற்பிக்கப்படுகிறது. பெரம்பலூர் 1995இலும் அரியலூர் இறுதியாக 2007இலும் தனி மாவட்டங்களான பின், தனியார் பொறியியல், மருத்துவக் கல்லூரிகள் பெரம்பலூரிலும், அண்ணா பல்கலைக்கழக உறுப்புப் பொறியியல் கல்லூரியும் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் அரியலூரிலும் இடம்பெற்றன. பொறியாளரும் மருத்துவரும் உள்ளூரிலேயே உருவாகும் நிலை வந்துவிட்டது; ஆனால் தொல்லுயிரியலில் முனைவர் பட்டம் பெற விரும்பும் அரியலூர் மாணவர் இன்னும் திருச்சி, சென்னை, சேலம், டில்லி என்றே செல்ல வேண்டியுள்ளது. ஸ்டோலிச்ஸ்கா விவரித்த மூலமாதிரிகள், அதாவது ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயரிட அடிப்படையான படிவங்கள், கல்கத்தாவில் அளவைத்துறைச் சேகரிப்பில் உள்ளன. அரியலூர் மாவட்டத்தில் எஞ்சியவற்றைக் காட்சிப்படுத்த வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் நிறுவப்பட்டுள்ளது.