பரவலாக்கப்பட்ட எண்ணிம அடையாளம்

பரவலாக்கப்பட்ட எண்ணிம அடையாளம் என்பது, ஒருவர் தம்மைப் பற்றிய சான்றுகளைத் தம் வசமே வைத்துக்கொண்டு, கேட்பவருக்குத் தேவையான விவரத்தை மட்டும் காட்டி மெய்ப்பிக்க உதவும் தொழில்நுட்ப முறையாகும். இதில் ஒவ்வொரு முறையும் ஒரு நடுவண் தரவுத்தளத்தை வினவ வேண்டியதில்லை. இது தன்னாட்சி அடையாளம் எனவும் அழைக்கப்படுகிறது. சான்று வழங்கும் அதிகாரம் அரசிடமோ பல்கலைக்கழகத்திடமோ தொடர்ந்து இருப்பதால், இப்பெயர் சற்று மிகையானதே.

தேவை

திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஸ்ரீரங்கம், சமயபுரம் செல்லும் பயணிகளும் அருகிலுள்ள கல்லூரிகளின் மாணவர்களும் நாள்தோறும் வந்துபோகும் இடம் இது. இரவில் இங்கு வந்திறங்கும் ஒருவர் விடுதியில் அறை எடுக்கிறார் எனக் கொள்வோம். விடுதியில் ஆதார் நகல் கேட்கப்படும். அந்நகலில் பெயர், பிறந்த நாள், முகவரி, ஒளிப்படம், 12 இலக்க எண் ஆகிய அனைத்தும் இருக்கும். மறுநாள் அவர் அம்மா மண்டபத்துக்கோ மலைக்கோட்டைக்கோ சென்றுவிடுவார். நகல் விடுதியின் கோப்பிலேயே தங்கிவிடும். அது பின்னர் யார் கைக்குப் போகும் என்பதை உரியவர் அறிய வழியில்லை.

2022 மே மாதத்தில், ஆதார் நகலை எவரிடமும் கொடுக்க வேண்டாம், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்துக என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம் அறிவித்தது. தவறாகப் பொருள்கொள்ளப்படலாம் எனக் கூறி நடுவண் அரசு இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. நகல் கொடுக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

செயல்படும் முறை

இதில் வழங்குநர், உடையவர், சரிபார்ப்பவர் என மூவர் உள்ளனர். பாரதிதாசன் பல்கலைக்கழகம் இம்முறையில் பட்டச் சான்று வழங்குவதாகக் கற்பனை செய்யலாம். பல்கலைக்கழகம் தன் தனித் திறவுகோலால் சான்றில் மின்னொப்பமிடும். அதற்கு இணையான பொதுத் திறவுகோலை யாவரும் காணுமாறு வெளியிடும். மாணவர் சான்றைத் தம் கைபேசியில் வைத்திருப்பார். சிங்கப்பூரில் வேலை தரும் நிறுவனம் ஒன்று பொதுத் திறவுகோலைக் கொண்டு ஒப்பத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். மாணவர் எங்கே வேலை தேடுகிறார் என்பது பல்கலைக்கழகத்துக்குத் தெரியவராது என்பது இங்கு முதன்மையானது. வழங்குநரையே கேட்டுச் சரிபார்க்கும் முறைகளில், ஒருவர் எங்கெங்கு எதற்காகத் தம்மை மெய்ப்பித்தார் என்னும் தடம் ஓரிடத்தில் சேர்ந்துகொண்டே போகும். ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய பதிவுகளை ஆறு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது இதன் பொருட்டே.

சான்றின் ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனியே காட்டவும் முடியும். பிறந்த நாளை வெளியிடாமல் 18 வயது நிறைந்ததை மட்டும் மெய்ப்பிக்கும் கணித முறைகளும் உள்ளன.

இதற்குப் பிளாக்செயின் எனப்படும் கட்டச்சங்கிலி கட்டாயம் தேவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. பொதுத் திறவுகோல்களை ஓர் இணையதளத்திலும் வெளியிடலாம். கட்டச்சங்கிலியில் எழுதியதை அழிப்பது அரிது. ஆகவே தனிநபர் விவரங்களை அதில் இடவே கூடாது.

வரலாறு

1991இல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பி.ஜி.பி. மென்பொருள், பயனர்கள் ஒருவர் மற்றவரின் திறவுகோலுக்குச் சான்றளிக்கும் வழியைப் பரப்பியது. 2005இல் ஓப்பன் ஐ.டி. தோன்றியது. 2016இல் கிறிஸ்டோபர் ஆலன் தன்னாட்சி அடையாளத்துக்கான பத்துக் கொள்கைகளை வகுத்தார். பரவலாக்கப்பட்ட அடையாளங்காட்டிகளுக்கான சீர்தரத்தை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2022 சூலையில் ஏற்றது. கூகுள், ஆப்பிள், மொசில்லா ஆகியவற்றின் முறையான எதிர்ப்பைத் தள்ளுபடி செய்தே இம்முடிவு எடுக்கப்பட்டது.

வலையமைப்பு பரவலாக்கப்பட்டிருந்தால் மட்டும் அடையாளம் பயனர் கைக்கு வந்துவிடாது. 2019 நவம்பரில் இந்தியப் பயனர் பலர் டுவிட்டரிலிருந்து மாஸ்டடானுக்கு மாறினர். மாஸ்டடான் பல வழங்கிகளாகப் பிரிந்து இயங்குவது; ஆயினும் பயனர் முகவரியில் வழங்கியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். வழங்கி மூடப்பட்டால் அம்முகவரியும் போய்விடும்.

தமிழ்நாட்டிலும் இந்தியாவிலும்

தமிழ்நாடு அரசு 2020இல் பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. மாநில மின்னாளுமை முகமை 'நம்பிக்கை இணையம்' என்னும் கட்டமைப்பை உருவாக்கியது. அதன்மீது இயங்கும் 'இ-பெட்டகம்' செயலி 2023இல் அறிமுகமானது. அரசு வழங்கும் சான்றிதழ்களைக் கைபேசியில் வைத்திருந்து, உரியவரின் இசைவுடன் பகிர இது உதவுகிறது. கட்டமைப்பு அரசின் கையிலேயே இருப்பதால், கண்டிப்பான வரையறையின்படி இதைத் தன்னாட்சி அடையாளம் எனல் பொருந்தாது. நகல் எடுப்பதைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை.

ஆதார் அட்டையிலுள்ள கியூ.ஆர். குறியீடும் மின்னொப்பமிடப்பட்டதே. ஆணையத்தின் வழங்கியைத் தொடர்புகொள்ளாமலேயே அதைச் சரிபார்க்கலாம். ஆனால் அது தன்னுள் உள்ள எல்லா விவரங்களையும் ஒருசேரக் காட்டிவிடும். 2025 நவம்பரில் வெளியான புதிய ஆதார் செயலியில், தேர்ந்தெடுத்த விவரங்களை மட்டும் பகிரும் வசதி தரப்பட்டது.

சிக்கல்கள்

விடுதியாள் எல்லா விவரங்களையும் கேட்டால், நள்ளிரவில் வந்த பயணி மறுப்பது கடினம். மறைக்கும் வசதியை மென்பொருள் தரலாம். மறுக்கும் வலிமையைச் சட்டமே தரவேண்டும். கைபேசி இல்லாதோர்க்குக் காகிதச் சான்று இருந்தே ஆகவேண்டும்.

திறவுகோல் தொலைவது இதனினும் பெரிய சிக்கல். நெரிசலான பேருந்தில் கைபேசி களவுபோனால், தனித் திறவுகோலும் அதனுடன் போய்விடலாம். அதை மீட்டுத்தர நடுவண் அலுவலகம் எதுவும் இராது. இதற்கு ஆதி ஷமிர் 1979இல் வெளியிட்ட மறைபொருள் பகிர்வு முறை பயன்படுத்தப்படுகிறது. திறவுகோலை ஐந்து பங்குகளாக்கி உற்றார் ஐவரிடம் கொடுத்து வைத்தால், அவற்றுள் ஏதேனும் மூன்றைச் சேர்த்து அதை மீண்டும் பெறலாம். இரண்டு பங்குகள் மட்டும் ஒருவரிடம் சிக்கினால், அவற்றிலிருந்து திறவுகோலைப் பற்றி எதுவும் அறிய இயலாது.